துட்டு

இடது கண்ணில்தான்.
தண்ணீர் குடித்த ஈரம் என்று முதலில் விட்டுவிட்டேன்.
மூன்றாம் நாள்
கண்ணுக்குக் கீழே ரோமம் திரிதிரியாக ஒட்டி
கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருந்தது.

ஜெபசீலி உண்டியலை உடைத்து
முக்கூடல் சந்தையில் வாங்கிய முயல்.
அதனால் அவள் அப்பா வைத்த பேர் துட்டு.
லாரியை எங்கேயாவது ஓரங்கட்டிவிட்டு
"துட்ட எங்கட்டி வச்சிருக்க?" என்று போனில் கேட்பார்.
"கட்டிலுக்கு அடியில" என்பாள், கத்தி.
பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும்.

நான் நாளுக்கு எழுநூறு பீடி சுற்றுகிறவள்.
சுளவை மடியில் வைத்தால்
தூள் சேலையில், தலைமயிரில், சோற்றில்.
என் கண்ணே சாயந்தரம் ஆனால் வடியும்.
ஆகவே யாரும் சொல்லும் முன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது, யாரால் என்று.
சுளவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.
சித்திரை வெயில். இலை காய்ந்து முறிந்தது.
கம்பெனியில் நாலு கட்டைக் கழித்துப் போட்டார்கள்.
கண் வடிந்துகொண்டேதான் இருந்தது.

செல்லக்கனி நந்தியாவட்டைப் பூ கொண்டுவந்தாள்.
அவள் மாமியார், தாய்ப்பால் ரெண்டு சொட்டு என்றாள்.
யார் பால் என்று கேட்டேன்.
அந்தம்மா யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.
துட்டு எல்லாவற்றையும்
நல்ல கண்ணைக் காட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தது.
முனகல் கிடையாது. அதுதான் பயம்.
ஆடு என்றால் ஊரைக் கூட்டியிருக்கும்.

காய்கறிக் கூடையில் ஈரத்துண்டு விரித்து
ராமையன்பட்டிக்கு ரெண்டு பஸ்.
"கோழியா?" என்றார் கண்டக்டர்.
முயல்.
"கறிக்கா?"
ஜெபசீலி பார்த்த பார்வையில்
லக்கேஜ் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயசுதான் இருக்கும்.
கண்ணைப் பார்த்தாள். பிறகு
வாயைத் திறந்து டார்ச் அடித்து அதிக நேரம் பார்த்தாள்.
"கண்ணுல ஒண்ணும் இல்லக்கா. பல்லு."
முயலுக்குப் பல் சாகும்வரை வளருமாம்.
மென்று தேய்க்காவிட்டால்
வேர் உள்பக்கமாகப் போய்
கண்ணீர் இறங்குகிற குழாயை நெரிக்குமாம்.
"என்ன போடுதீங்க?"
பிஸ்கட், சோறு... மிக்சர் என்பதை நான் சொல்லவில்லை.
ஜெபசீலி சொல்லிவிட்டாள்.

"பீடித் தூளும்..." என்று இழுத்தேன்.
"அதுவும் ஆகாதுதான். ஆனா இது அதனால இல்ல."
திரும்பி வரும்போது, சுத்தமல்லி விலக்குவரை,
அந்த 'ஆனா'வைத்தான்
கூடையோடு மடியில் வைத்திருந்தேன்.

இப்போது இப்படி:
உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து
மணிக்கட்டில் விட்டுப் பார்த்து
பஞ்சை நனைத்து ஒட்டியதை ஊறவிட வேண்டும்.
பிய்க்கக் கூடாது. பிய்த்தால் தோலும் வரும்,
முதல் நாள் வந்தது.
ஒரு பஞ்சு ஒரு துடைப்பு. ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு மருந்து.
மூன்று தடவை சோப்புப் போட்டாலும்
கைக்கு வாசம் போவதில்லை; அது மூக்கைச் சுருக்கும், விலகாது.
முனை மடிக்க வளர்த்திருந்த கட்டைவிரல் நகம்
இமையில் பட்டுவிடும் என்று வெட்டிவிட்டேன்.
தகரத் துண்டால் மடித்துப் பார்க்கிறேன்.
ஐந்நூறு தாண்டவில்லை.

விடியுமுன் கால்வாய்க் கரையில் ஜெபசீலி
அறுகம்புல் அறுக்கிறாள், பள்ளிக்கூடப் பையோடு.
பல்லை ராவிவிட ஒண்ணரை மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறது.
"துட்டு செலவாகுதே" என்றார் அவர், போனில்.
பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

ராத்திரி கட்டிலடியில் புல் அரைபடும் சத்தம்.
நின்றால் சுளவை இறக்கிவைத்துக் குனிவேன்.
நேற்றுவரை பஞ்சில் மஞ்சள் இருந்தது.
இன்று காலை வெள்ளையாகவே வந்தது.
ஜெபசீலியிடம் இன்னும் சொல்லவில்லை.
நாளைக்கும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.